ஞாயிறு பஸ், திங்கள் லாரி

எங்கள் தமிழ்ச் சபைகளில் ஸ்தோத்திரக் கவர் என்று ஒன்று உண்டு. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஞாயிறு ஆராதனையில் போடும் வழக்கமான காணிக்கை வேறு, ஏதாவது நல்லது நடந்தால் நன்றியாகப் போடும் காணிக்கை வேறு. அதற்குத் தனி கவர். பெயர் எழுத ஒரு கோடு, காரணம் எழுத ஒரு கோடு. பிறந்தநாள், கல்யாணநாள், ஓ-லெவல் ரிசல்ட், வேலை, பிஆர், குழந்தை, புது வீடு. கவரோடு சிலர் முன்னால் வந்து மைக்கில் சாட்சியும் சொல்வார்கள். சமீப வருடங்களில் நான் கேட்ட சாட்சிகளில் இயேசுவுக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபட்ட பெயர் வீவக. "மூணு தடவை பேலட்ல நம்பர் கிடைக்கல. நாலாவது தடவை கர்த்தர் அம்மா வீட்டுப் பக்கத்துலயே பிடிஓ குடுத்தார்." சபை முழுக்க அல்லேலூயா.

நக்கல் பண்ணவில்லை. நன்றி சொல்வது நல்ல பழக்கம். எங்கம்மா அரிசி களையும்போதுகூட வாய்க்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான், அந்த முணுமுணுப்பு இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. நன்யாங்கில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு இப்போது கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கிறேன். என் பிரச்சினை அந்த மைக்கில் தொடங்குகிறது. கர்த்தர் வீடு கொடுத்தார், சரி. கர்த்தர் ஃபார்ம்வொர்க் அடித்தாரா? கம்பி கட்டினாரா? கான்கிரீட் ஊற்றும் இரவில் வைப்ரேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாரா? அதையெல்லாம் செய்தவர்களுக்கு முகம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், அந்தப் பக்கம் பங்ளாதேஷ். நம் நன்றி மேலே இருக்கும் கடவுளிடமிருந்து நேராக நம் வீட்டு வரவேற்பறைக்கு இறங்கிவிடுகிறது. நடுவில் ஒரு மனுஷன் இல்லை.

நடுவில் இருக்கும் மனுஷன் தளத்துக்கு எப்படி வருகிறான் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சிங்கப்பூர்ச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சரக்கு லாரியின் பின்தட்டில் ஆள் ஏற்றக் கூடாது. பொதுவிதி அதுதான். நோயாளியையோ அடிபட்டவரையோ அவசரத்துக்கு ஏற்றலாம். இன்னொரு விதிவிலக்கு, அந்த லாரியை வைத்திருக்கும் அல்லது வாடகைக்கு எடுத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியர்களை வேலை நிமித்தமாக ஏற்றலாம். நான் என் தங்கையை லாரித் தட்டில் உட்கார வைத்து பாசிர் ரிஸ் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் குற்றம். அதே தட்டில், அதே சாலையில், காலை ஆறு மணிக்கு இருபது பேரை வேலைக்குக் கூட்டிப்போனால் குற்றமில்லை. முன்னால் உட்காரும் ஓட்டுநருக்கு சீட் பெல்ட் கட்டாயம். பின்னால் இருப்பவர்களுக்கு சீட்டே கிடையாது.

2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், 17 ஊழியர்களை ஏற்றிவந்த லாரி ஓரமாக நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இருவர் செத்துப்போனார்கள். அப்போது பேச்சு எழுந்தது, அடங்கியது. 2023 ஜூலையில் குடிமைச் சமூக அமைப்புகள் பலவும் சேர்ந்து, இந்த முறையை நிறுத்தக் கால அட்டவணை கேட்டார்கள். சில வாரத்தில் அரசின் பதில் வந்தது. தடை செய்தால் சிறிய நிறுவனங்கள் சில மூடவேண்டி வரும், வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள், எம்ஆர்டி பாதைகள் கட்டி முடிக்கத் தாமதமாகும், செலவு கூடும் என்பது அதன் சாரம்.

அந்தப் பட்டியலின் முதல் சொல்லைக் கவனியுங்கள். வீடுகள். நாம் கவரில் எழுதிப் போட்ட அதே வீடுகள். நம் சாவி சீக்கிரம் கையில் வருவதற்கும் அவர்கள் தட்டில் உட்காருவதற்கும் இருக்கும் தொடர்பை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அரசின் பதிலில் கேட்டேன்.

இப்போது டிசம்பருக்கு வருகிறேன். பல சபைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று கிறிஸ்துமஸ் கூடுகை நடக்கும். வாலிபர் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும் இந்த வேலை. தங்குவிடுதி வாசலுக்கு பஸ் அனுப்ப வேண்டும். ஏசி பஸ், ஆளுக்கு ஒரு சீட். அது நம் கருணையால் மட்டும் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன சட்டப்படி வழிபாட்டுக்கோ விருந்துக்கோ லாரியில் ஏற்றிவர முடியாது, வேலைக்குத்தான் முடியும். ஆக, ஒரே மனிதர் ஞாயிற்றுக்கிழமை நம்மிடம் வரும்போது பயணி. திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது விதிவிலக்கு. பஸ்ஸை புக் செய்யும் நம் மூப்பர் ஒருவரே கான்ட்ராக்டராகவும் இருக்கலாம். பல சபைகளில் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், காணிக்கையில் குறை வைக்காதவர்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் பணம் கொடுப்பவரும் திங்கட்கிழமை லாரியை அனுப்புபவரும் ஒருவரே என்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை.

கூடுகையில் என்ன நடக்கும்? பாட்டு, செய்தி, பிரியாணி, ஒரு பை. பையில் டீ-ஷர்ட், சோப்பு, டாப்-அப் கார்டு. கடைசியில் ஒரு ஊழியரை மேடைக்கு அழைப்பார்கள். "பிரதர், ரெண்டு வார்த்தை." அவர் கூச்சத்தோடு மைக்கைப் பிடித்து, இந்த நாட்டில் எங்களை நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நன்றி சொல்வார். நாம் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். இந்த 'ரெண்டு வார்த்தை'தான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பிரியாணி கொடுப்பதில் தப்பில்லை, நல்ல பிரியாணி. ஆனால் நன்றியை அங்கேயே, கையோடு, மைக்கில் வசூலித்துவிடுகிறோம்.

ஒரு சொல் விளையாட்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. சபைத் தமிழில் ஊழியர் என்றால் போதகர், சுவிசேஷகர், கர்த்தருடைய வேலையைச் செய்பவர். "ஊழியக்காரர் வந்திருக்கிறார்" என்றால் முன்வரிசையில் நாற்காலி, குடிக்க இளநீர். சிங்கப்பூர்த் தமிழில் வெளிநாட்டு ஊழியர் என்றால் இவர்கள். தமிழ் முரசைத் திறந்தால் இந்தச் சொல். ஞாயிறு அறிவிப்பில் "ஊழியர்களுக்காக ஜெபியுங்கள்" என்று கேட்கும்போது நம் மனதில் யார் வருகிறார் என்று சும்மா கவனித்துப் பாருங்கள்.

நன்றியைப் பற்றிப் பிரசங்கம் என்றால் லூக்கா 17-ஆம் அதிகாரம்தான். பத்து குஷ்டரோகிகள் சொஸ்தமாகிறார்கள், ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான், மற்ற ஒன்பது பேரைக் காணோம். உடனே நமக்குப் பாடம்: நாம் அந்த ஒருவனாக இருக்க வேண்டும். கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. திரும்பி வந்தவன் சமாரியன், வேற்று இனத்தான். இயேசு அதைச் சொல்லிக் காட்டுகிறார். அவர் தேடுவது வராமல்போன சொந்த இனத்தாரை. ஊருக்கு வெளியே தூரமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பத்துப் பேரில் வெளியூர்க்காரனுக்கு நன்றி சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இந்தக் கதையை வைத்துக்கொண்டு துவாஸிலும் பொங்கோலிலும் ஊருக்கு வெளியே தங்கியிருப்பவர்களை மேடையேற்றி நன்றி கேட்பவர்கள், கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

பக்கத்தைப் புரட்டினால் 18-ஆம் அதிகாரம். ஸ்தோத்திர ஆராதனைகளில் இதை எடுத்து யாரும் பேசிக் கேட்டதில்லை. இரண்டு பேர் ஜெபம் பண்ண ஆலயத்துக்குப் போகிறார்கள், ஒரு பரிசேயன், ஒரு ஆயக்காரன். பரிசேயனைக் கர்வி, வேஷக்காரன் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருவார்கள். அவன் பண்ணியது என்ன ஜெபம் என்று யாரும் சொல்வதில்லை. அது ஸ்தோத்திர ஜெபம். கடவுளுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குகிறான். எதற்கு நன்றி? மற்ற மனிதர்களைப் போல, அதோ நிற்கிற அந்த ஆளைப் போல, தான் இல்லை என்பதற்கு. பொய்யும் சொல்லவில்லை. உபவாசம் இருப்பவன், தசமபாகம் கொடுப்பவன். அவன் ஜெபம் மட்டும் ஏற்கப்படவில்லை.

எனக்கு இதைவிடப் பயமான பகுதி சுவிசேஷங்களில் இல்லை. ஏனென்றால் 2020-இல் இதே ஜெபத்தை நாடு முழுக்கக் கேட்டேன். அந்த ஏப்ரலில் தங்குவிடுதிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. தினமும் இரண்டு எண்கள் வந்தன, தங்குவிடுதியில் இத்தனை, சமூகத்தில் இத்தனை. சமூகம் என்றால் நாம். ஜூம் ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "கம்யூனிட்டி கேஸ் இன்னிக்கு ஒத்தை இலக்கம்தான், ஸ்தோத்திரம்" என்றார். நாங்களும் ஆமென் போட்டோம். அந்த டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கில், தங்குவிடுதிகளில் இருந்த சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். நாமெல்லாம் வெளியே நடமாட ஆரம்பித்த பிறகும் அவர்கள் வெளியே வர அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் அந்த அனுமதி முறையைத் தளர்த்தியபோதும், ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் தேக்கா போன்ற நான்கு இடங்களுக்கு வரத் தனி பாஸ் வைத்தார்கள். தேக்காவில் கறிவேப்பிலை வாங்கப் பாஸ்! அந்த ஞாயிறுகளில் நாம் எதற்கெல்லாம் கவர் போட்டோமோ.

சரி, நன்றி சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது என்பதற்குப் பழைய ஏற்பாட்டில் செய்முறையே இருக்கிறது. உபாகமம் 26. முதல் விளைச்சலைக் கூடையில் வைத்து எடுத்துப்போகும் விவசாயி ஆசாரியனுக்கு முன் என்ன சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இந்த வருஷம் நல்ல மகசூல் என்று ஆரம்பிக்கக் கூடாது. என் தகப்பன் அலைந்து திரிந்தவன், கொஞ்சப் பேரோடு எகிப்துக்குப் பிழைக்கப் போனவன், அங்கே எங்களைக் கடினமாக வேலை வாங்கினார்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். கூடையைப் பற்றிக் கடைசியில்தான் வரும். சொல்லி முடித்தபின் யாரோடு சேர்ந்து சந்தோஷப்படுவது என்றும் எழுதியிருக்கிறது: லேவியனோடும், உன் நடுவில் இருக்கும் பரதேசியோடும்.

பரதேசி என்பது தமிழ் வேதாகமத்தின் சொல். வேறு தேசத்திலிருந்து வந்து நம்மோடு தங்கியிருப்பவன். வேலைக்கு வந்த வெளிநாட்டவன் என்று இன்று சொன்னால் அதே ஆள். நாம் அந்தச் சொல்லை வசவாக்கி வைத்திருக்கிறோம். "பரதேசிப் பயலே" என்று திட்டும் வாயால் உபாகமத்தை வாசிக்கவும் செய்கிறோம்.

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவன் இந்தச் செய்முறைப்படி நன்றி சொன்னால் எப்படி இருக்கும்? என் தாத்தா ஊரில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறி வந்தார், கூலிலைன் வீட்டில் பத்துப் பேரோடு படுத்திருந்தார், அவரை மனுஷனாக யாரும் மதிக்கவில்லை என்று மைக்கில் ஆரம்பிக்க வேண்டும். அதன்பிறகு பிடிஓ. அப்படி ஆரம்பித்த வாயால் கூடத்தின் பின்வரிசையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "ரெண்டு வார்த்தை" கேட்க முடியாது. முடிந்தால் பார்க்கலாம்.

இதற்கு வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"நாங்க ஜெபிக்கிறோமே தம்பி." ஆமாம், ஜெபிக்கிறோம். மலாக்காவுக்கு ஏசி கோச்சில் குடும்ப ரிட்ரீட் போனால் ஏறும் முன் பயணப் பாதுகாப்புக்கு ஜெபம். பாத்தாமுக்குப் படகு ஏறினால் ஜெபம். என் பைக் லைசென்ஸ் பாஸானபோது ஹெல்மெட்டின் மேல் கைவைத்து ஜெபம். காலை ஆறு மணிக்கு விரைவுச்சாலையில் எண்பதடி தள்ளி நம் முன்னால் போகும் லாரியின் தட்டில் தூங்கி விழும் தலைகள் இந்த ஜெபக்குறிப்பில் இதுவரை வந்ததில்லை. அப்படியே வந்தாலும், குளிரில் நடுங்குகிறவனிடம் சமாதானத்தோடு போ என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று கேட்ட யாக்கோபு நம் வேதாகமத்தில்தானே இருக்கிறார். அதே நிருபத்தில், அறுவடை செய்தவர்களின் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுவதாக வேறு எழுதுகிறார். அறுப்பின் பண்டிகை கொண்டாடும் ஊர்ச் சபைகளும் இதைத் தாண்டித்தான் போகின்றன.

"அவங்களே சந்தோஷமா, நன்றியோடதான் இருக்காங்க." இருக்கலாம். ஏஜென்ட்டுக்கு லட்சங்களில் கட்டிவிட்டு, கடனை அடைக்கும்வரை வாயைத் திறக்க முடியாத ஒருவரின் முகத்தில் இருப்பதை நன்றி என்று படிப்பது வசதியான வாசிப்பு. உண்மையிலேயே நன்றியாக இருந்தாலும் கணக்கு மாறாது. என் தளத்தில் ஒரு சாரம் கட்டினால், அதில் ஏறுகிறவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று பார்த்து நான் கையெழுத்துப் போடுவதில்லை. அது எடை தாங்குமா என்று பார்க்கிறேன்.

"உதவி செய்கிற கிறிஸ்தவர்களே இல்லையா?" இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். 2006-இல் கேலாங்கில் கிளினிக்காகத் தொடங்கிய ஹெல்த்சர்வ், டாக்டர் கோ வெய் லியோங் போன்ற விசுவாசிகள் தொடங்கியதுதான். கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குக் குடியேறிகள் பணிக்கென்றே ஒரு ஆணையம் இருக்கிறது. மத அடையாளம் இல்லாத டிடபிள்யூசி2 அமைப்பு, காயம்பட்டு வேலை இழந்து வழக்கு முடியக் காத்திருப்பவர்களுக்கு 2008 முதல் தேக்காவில் இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே தட்டை வாங்கிக்கொண்டு போகும் யாரையும் மைக் முன் நிறுத்துவதில்லை. இவர்களைக் காட்டி மற்ற சபைகள் ஒளிந்துகொள்வதுதான் என் புகார்.

கடைசிப் பதில் மெதுவான குரலில் வரும். "இது பாலிடிக்ஸ் ஆயிடும் தம்பி. நமக்கு வேண்டாம்." இந்தப் பயம் கற்பனை அல்ல, இதற்கு வயது நாற்பதை நெருங்குகிறது. 1980-களில் கேலாங்கில் கத்தோலிக்க நிலையம் ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் கியோம் அரோட்சரேனா நடத்தினார். எஜமான் வீட்டிலிருந்து ஓடிவந்த பிலிப்பினோ பணிப்பெண்களுக்கு அங்கே அடைக்கலம், ஆலோசனை. 1987 மே 21-ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 16 பேர் கைது. ஜூனில் இன்னும் 6 பேர். மார்க்சியச் சதி என்றது அரசு. அவர்களில் பலர் சர்ச்சின் சமூகப் பணியாளர்கள். மறைமாவட்டத்தின் நீதி, சமாதான ஆணையத்தின் செயலாளராக இருந்த வின்சென்ட் செங் மூன்று வருடங்கள் உள்ளே இருந்தார். யார்மீதும் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கவில்லை. கைதானவர்களுக்காக நடந்த திருப்பலிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. பேராயர் கிரகரி யோங் பிரதமர் லீ குவான் யூவைச் சந்தித்த பிறகு அரசின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார், நிலையம் மூடப்பட்டது, அந்த வருடக் கடைசியில் ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டின் அலுவலகத்தையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 1990-இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அரசு இன்றுவரை அந்த நடவடிக்கை சரியே என்கிறது. இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்னம் 2001-இல், தனக்குத் தெரிந்தவரை அவர்களில் பெரும்பாலோர் சமூக ஆர்வலர்கள், அமைப்பைக் கவிழ்க்க நினைத்தவர்கள் அல்லர் என்ற பொருளில் சொன்னதும் பதிவில் இருக்கிறது.

அந்தத் தலைமுறை சூடுபட்டது. அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை, அப்போது நான் பிறக்கவுமில்லை. ஆனால் அந்தப் பயம் நம் பக்தியின் வடிவத்தையே மாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். பிறரை நேசி என்கிற கட்டளை, 'பிறருக்குப் பை கொடு' என்று சுருங்கியது அங்கேதான். பை கொடுத்தால் யாரும் கைது செய்ய மாட்டார்கள். 2013 டிசம்பர் 8, அட்வென்ட் காலத்தின் இரண்டாம் ஞாயிறு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் தங்குவிடுதிக்குத் திரும்பும் தனியார் பஸ்ஸின் அடியில் 33 வயதுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் மாட்டி இறந்தார், கலவரம் வெடித்தது. சபைகள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அந்த வாரம் அமைதிக்காக எல்லோரும் ஜெபித்தோம். அப்போது நான் தேசிய சேவைக்குக் காத்திருந்த பையன். எனக்கு நினைவிருப்பது, ஜெபத்தில் போலீஸ் வந்தது, நாட்டின் பெயர் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. செத்தவர் வந்தாரா என்று நினைவில்லை.

அரசிடம் போய்ச் சட்டத்தை மாற்றச் சொல்லுங்கள் என்று சபைகளை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லதுதான். ஆனால் அதைவிடப் பக்கத்தில், சபையின் கைக்குள்ளேயே இருக்கும் ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது கட்டட நிதி.

இந்தத் தீவில் எந்தச் சபையும் எப்போதும் ஒரு சுவரை இடித்துக்கொண்டோ கூரையை மாற்றிக்கொண்டோதான் இருக்கும். லிஃப்ட், புது ஹால், ஞாயிறு பள்ளி அறை. அதாவது சபை ஜெபிக்கும் இடம் மட்டுமல்ல, டெண்டர் விடும் கிளையன்ட்டும்கூட. அந்த வேடத்தில் நமக்குப் பழைய வரலாறு உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளை வெளேரென்று. 1856-இல் தொடங்கி 1861-இல் முதல் ஆராதனை. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். அந்த வழவழப்பான சுவர்ப்பூச்சுக்கு மதராஸ் சுண்ணாம்பு என்று பெயர்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசியது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவேலை புரியும். இந்த ஊரில் கடவுளுக்கு நன்றி சொல்ல எழுப்பிய மிகப் பெரிய சுவர்களில் ஒன்று விலங்கு மாட்டிய கைகளால் பூசப்பட்டது. அன்று கிளையன்ட்டாக இருந்தவர்களுக்கு அது உறுத்தியிருக்காது, காலம் அப்படி. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். டெண்டர் ஆவணத்தில் ப்ரிலிமினரீஸ் என்று ஒரு பகுதி இருக்கும். தற்காலிக வேலி, தண்ணீர், மின்சாரம், காப்புறுதி, பாதுகாப்பு அதிகாரி, எல்லாம் அதில் வரும். கிளையன்ட் அதில் என்ன கேட்கிறாரோ அதற்குப் போட்டியிடும் எல்லாக் கான்ட்ராக்டரும் விலை போட வேண்டும். லாரியைப் பற்றி முதலாளிகள் சொல்லும் முக்கியமான வாதம், நான் மட்டும் பஸ் வைத்தால் விலை ஏறும், அடுத்தவன் லாரியில் கொண்டுவந்து வேலையைத் தட்டிக்கொண்டு போவான் என்பது. நியாயமான வாதம், தளத்தில் நானே பார்க்கிறேன். கிளையன்ட் நிபந்தனையாக எழுதிவிட்டால் அந்த வாதம் செத்துவிடும், எல்லோரும் ஒரே விலைக்கோட்டில் நிற்பார்கள். இதற்கு நாடாளுமன்றம் வேண்டாம், மனு வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. கட்டடக் கமிட்டி கூடும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு போதும்.

செலவு? ஆகும். ஹால் திறப்பது சில மாதம் தள்ளிப்போகலாம். பளிங்குக்குப் பதில் சாதா டைல்ஸ் போட வேண்டி வரலாம். அந்த வித்தியாசத்துக்கு ஒரு ஸ்தோத்திரக் கவர் அச்சடியுங்கள், முதல் கவர் என்னுடையது. நம் கான்ட்ராக்டர் மூப்பர்களுக்கும் இது நல்லது. சபை வேலையில் ஒருதடவை பஸ் ஓட்டிப் பார்த்தால், அடுத்த வேலையில் அதை எப்படிக் கணக்குப் போடுவது என்று அவர்களுக்குப் பழகிவிடும்.

இந்தப் பத்தியை வாசிக்கும் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல என்று தெரியும். கோயில் திருப்பணிக் கமிட்டியில் உங்கள் மாமா இருப்பார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் நண்பனின் அப்பா இருப்பார். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வருகிறவர்களும் லாரியில்தான் வருகிறார்கள். டெண்டர் இன்னும் வெளியே போகவில்லை என்றால் சேர்க்க வேண்டிய வாசகம் இதுதான். நான் எங்கள் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன், காப்பியடித்துக்கொள்ளலாம்:

"இந்த வேலைக்காக அமர்த்தப்படும் எல்லா ஊழியர்களும், துணை ஒப்பந்ததாரர்களின் ஊழியர்களும் உட்பட, தளத்துக்கு வரும்போதும் திரும்பும்போதும், ஆளுக்கு ஓர் இருக்கையும் சீட் பெல்ட்டும் உள்ள பயணிகள் வாகனத்திலோ பொதுப் போக்குவரத்திலோ மட்டுமே பயணிக்க வேண்டும். சரக்கு வாகனத்தின் பின்தட்டில் எவரையும் ஏற்றிவரக் கூடாது. இதற்கான செலவைத் தனி இனமாகக் காட்டவும். ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது."